தொண்ணூறுகளில் ரயிலேறிப் போனவர்

"நான் கேட்டா, சம்பளம் வாங்குறவன் கேட்டதா ஆயிடும். நீங்க கேட்டா அது உங்க விருப்பம். அதனால நீங்கதான் கேக்கணும்."

"எப்ப கேக்கறது?"

"எப்ப வேணாலும் கேளுங்க. நான் எங்க போகப்போறேன்? இங்கதான் துணி வெட்டிக்கிட்டு இருப்பேன்."

"முதல்ல வாயில இருக்கிற குண்டூசியை எடுங்க. என்னிக்காவது முழுங்கித் தொலைக்கப் போறீங்க."

"ஊசியை இதுவரைக்கும் முழுங்கினதில்லை. பேச்சைத்தான் முழுங்கியிருக்கேன்."

இந்தப் பேச்சு நடந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. மின்சாரம் போய், பட்டறையின் தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்ட ஒரு பிற்பகல். தையல்காரர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். நீளமான வெட்டு மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் கட்டிங் மாஸ்டர். நடுவே யாரோ ஒரு நடிகனுக்காகப் பாதி வெட்டிய ஒரு பேண்ட். இப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து. மாஸ்டருக்கு அவளைவிட நாலைந்து கூடுதல். மேசை அதேதான். கேட்க வேண்டியதும் கேட்காமல் அப்படியேதான் இருந்தது.

கேட்கப் போகாமல் இல்லை. மாடியில் இருக்கும் வீட்டிலிருந்து கீழே இருக்கும் பட்டறைக்கு, இன்றைக்குக் கேட்டே விடுவது என்று எத்தனையோ முறை இறங்கிப் போயிருக்கிறாள். படிகளில் வாக்கியம் சரளமாக வரும். மேசை முன் போய் நின்று, அவர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து, "என்ன வேணும்?" என்றதும் அது தொண்டைக்குழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். "மெல்லிசு ஊசி ஒண்ணு இருக்கா?" என்பாள். எடுத்துக் கொடுப்பார். "வேற?" என்பார். "வேற ஒண்ணுமில்ல." ஊசி, நூல்கண்டு, பாபின், கொக்கி என்று கேட்டுக் கேட்டு வாங்கியதில் அவள் அலமாரியின் கீழ்த்தட்டு நிறைந்துவிட்டது. "நீ ஒரு கடை போட்டுடலாம். கல்லாவுல நான் உக்காந்துக்கிறேன்," என்பாள் அண்ணி. அண்ணிக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது மட்டும் அவளுக்கு வராது.

அண்ணன் சினிமா டைரக்டர். வீட்டில் மனைவி முதற்கொண்டு எல்லோரும் அவரை டைரக்டர் என்றுதான் சொல்வார்கள். தங்கைக்கு மட்டும் அண்ணன். அவருக்கு அவள் இன்னமும் பாப்பா. ஒரே குடும்பம், ஒரே வீடு, பத்தாண்டுக்கு ஒரு படம் என்று அவர் எடுத்த வரிசைதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. எழுபதுகளைச் சொன்ன முதல் படத்தில் கூடத்து ரேடியோவைச் சுற்றி வீடே உட்கார்ந்திருக்கும். ஆலை மூடிய செய்தி அதில்தான் வரும். எண்பதுகளின் படத்தில் தெருவுக்கே ஒரு டெலிவிஷன் வந்துவிட்டது, அப்பாவின் வேலை போய்விட்டது. தொண்ணூறுகளில் தெருமுனை டெலிபோன் கூண்டில் நின்றுகொண்டு ஆளாளுக்கு வெளிநாட்டுக்குக் கத்தினார்கள். மக்கள் தங்கள் வயதைத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வர வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள்.

அந்த மூன்று காலங்களுக்கும் உடை அவளுடையது. ஒரு சட்டைக் காலரை விரலால் மடக்கிப் பார்த்தே இன்ன வருஷம் என்று சொல்லிவிடுவாள் என்பதால் சினிமாக்காரர்கள் அவளுக்குக் காலண்டர் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை. காலண்டரில் தேதி கிழிகிறது, ஆணி மட்டும் சுவரிலேயே இருக்கிறதே என்று சில நாள் தோன்றும். அவ்வளவுதான்.

அவர்கள் உடைக்கு இருந்த பெயரெல்லாம் ஒரு வழக்கத்தால் வந்தது. துணியைத் தேய்த்தும் வெளுத்தும் பழசாக்கினால் கேமரா கண்டுபிடித்துவிடும் என்பது அவள் கட்சி. மனுஷர் உடுத்திப் பழகினால்தான் முழங்கை முழங்கை மாதிரி தொங்கும், பாக்கெட் பாக்கெட் மாதிரி வாய் பிளக்கும். அதனால் புதிதாகத் தைத்ததையெல்லாம் படப்பிடிப்புக்கு முன்னால் ஒரு மாதம் வீட்டிலும் பட்டறையிலும் இருப்பவர்கள் உடுத்தியாக வேண்டும். எண்பதுகளின் படத்தின்போது அண்ணி, தோளில் இரண்டு பலூன் வைத்த மாதிரிக் கைவைத்த ரவிக்கையோடு காய்கறி வாங்கப் போய்வந்தாள். கடைக்காரன் பழைய விலைக்கே கொடுத்துவிடுவான் என்று நினைத்தேன், கொடுக்கவில்லை என்று வந்து குறைப்பட்டுக்கொண்டாள். எழுபதுகளின் படத்துக்காக மாஸ்டர் ஒரு மாதம் முழுக்க யானைக்கால் பேண்ட்டில் மெஷின்களுக்கு நடுவே தரையைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

எல்லாப் படத்திலும் ஒரு தங்கை உண்டு. கல்யாணம் செய்துகொள்ளாமல், வீட்டுக்கே உழைத்துக்கொண்டு, கதவோரம் நின்று ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருப்பாள். அவள் ஒரு பார்வை பார்ப்பாள், அரங்கமே மூக்கை உறிஞ்சும். ஒரு பத்திரிகை அந்தத் தங்கையைக் காலத்தின் மனசாட்சி என்று எழுதியது. "மனசாட்சி மத்தியானம் சாப்பிட்டுச்சா?" என்று அன்றைக்கு மாடியிலிருந்து குரல் கொடுத்தாள் அண்ணி.

மாஸ்டரோடு பேசிய அந்தப் பிற்பகலுக்குப் பின் முதல் வேலையாக அவள் அண்ணனிடம்தான் போனாள். இந்த மாதிரி ஒரு எண்ணம் இருக்கிறது என்றாள். அண்ணன் கோபிக்கவில்லை. அவள் தலையில் கைவைத்து, "இந்தப் படம் முடியட்டும் பாப்பா, எல்லாம் பேசிக்கலாம்," என்றார். படம் முடிந்தது. அம்மா படுக்கையில் விழுந்தாள். அடுத்த படம் தொடங்கியது. மறுபடியும் அந்தப் படம் முடியட்டும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நல்லதொரு மனிதர், படம் முடியும்போது அவருக்கு உண்மையிலேயே அது நினைவில் இருக்காது. அவளுக்கும் வேலை பிடித்திருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஒரு காலத்தையே துணியில் பிடித்து ஹேங்கரில் மாட்டுகிற சந்தோஷம் கொஞ்சமா நஞ்சமா?

மூன்றாவது படத்தில் அண்ணன் ஒரு காரியம் செய்தார். தங்கையை விரும்பும் ஒருவனைக் கொண்டுவந்தார். தையல்காரன் இல்லை, கடிகாரம் பழுது பார்ப்பவன். கடைசியில் அவன் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியோடு ரயிலேறி எங்கோ போய்விடுகிறான். திரும்பியே பார்ப்பதில்லை. நடைமேடையில் தங்கை நிற்கிறாள். ரயில் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் கோட்டை வெட்டியது மாஸ்டர்தான். "எந்த ஊருக்கு சார் போறார்?" என்று அண்ணனிடம் கேட்டார். "ஊர் முக்கியமில்லை மாஸ்டர், போறான், அவ்வளவுதான்," என்றார் அண்ணன். "அப்ப பாக்கெட்டைக் கொஞ்சம் ஆழமா வெச்சுடறேன். எவ்வளவு தூரம்னு தெரியாம போறவரு," என்றார் மாஸ்டர். படம் வெளியான அன்று அவளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு எரிந்ததும் முன்னால் குனிந்து, "கோட்டு நல்லா விழுந்திருக்கு," என்று மட்டும் சொன்னார். அவள் அன்றைக்குச் சிரித்துவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரி அழுத முகத்தோடு அவளை முறைத்துப் பார்த்தாள்.

இப்போது நான்காவது படம், இரண்டாயிரங்கள். போன வாரம் சாப்பாட்டு மேசையில் அண்ணன் கடைசிக் காட்சியை வாசித்துக் காட்டினார். வீட்டில் ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது. யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஜன்னலோர நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பாதி தைத்த ரவிக்கை. எங்கோ ஒரு செல்போன் அடிக்கிறது. கேமரா மெதுவாகக் கிட்டே போனால், ஊசி பிடித்த கை அசையவில்லை.

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"அப்புறம் இல்லை. அதோட நாலு படமும் முடியுது."

காலண்டர் அக்கா தட்டை நகர்த்தி வைத்தாள். "அவ எதுக்குச் சாகறா? என்ன வியாதி?"

"வியாதி எல்லாம் இல்லை பாப்பா. ஒரு காலம் முடியுது. அவளும் அதுகூடப் போறா."

"காலம் முடிஞ்சா கூடவே போயிடணுமா? அந்த வருஷம்தான் உனக்கு சர்க்கரை வந்தது. நீயே போகலை. நல்லா ஆரோக்கியமா உக்காந்து தைக்கிறவளை நீ எதுக்கு அனுப்பறே?"

அண்ணிக்கு டீ புரையேறியது. அண்ணன் சிரித்தார். பிறகு அவருக்கே உரிய கனிவோடு, அந்தக் காட்சிக்கு ஒரு சாம்பல் நிறப் புடவை வேண்டும், அதே நிறத்தில் ரவிக்கை வேண்டும், பத்து வருஷம் உடுத்தின மாதிரி இருக்க வேண்டும் என்றார். "வேற யாரும் உடுத்திப் பழக்கினா அந்த மாதிரி வராது. நீயே ஒரு மாசம் உடுத்திடு பாப்பா."

அவர் எதையும் யோசித்துச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பல வருஷ வழக்கம், அவ்வளவுதான். ஆனால் கை கழுவப் போன இடத்தில், குழாயை மூடவும் தோன்றாமல் அவள் நின்றுவிட்டாள். மூன்று படங்களாக அவளைக் கதவோரம் நிற்க வைத்தார், நின்றாள். நேசித்தவனை ரயிலேற்றி அனுப்பினார், சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். இப்போது சாகச் சொல்கிறார். அதற்கான புடவையை அவளே ஒரு மாதம் கட்டிப் பழக வேண்டுமாம்.

பட்டறையிலிருந்து புடவையும் ரவிக்கையும் தயாராகி மேலே வந்தன. அவள் அவற்றை மடிப்புக் கலையாமல் கூடத்து நாற்காலியில் வைத்தாள். மறுநாள் காலை, கடுகு மஞ்சளில் பட்டையாகப் பச்சைக் கரை போட்ட ஒரு புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாங்கிப் பல வருஷம், பிரித்ததேயில்லை. அதற்கடுத்த நாள் மிளகாய்ப் பழச் சிவப்பு. அண்ணன் பேப்பருக்கு மேலாக அவளைப் பார்ப்பார், நாற்காலியைப் பார்ப்பார்.

"இன்னும் உடுத்தலையா?"

"இல்லை."

"தேதி நெருங்குது பாப்பா."

"என் சாவுக்கு என்னால ஒத்திகை பார்க்க முடியாது."

"அது நீ இல்லைம்மா. அது ஒரு பாத்திரம்."

"அப்ப யார் உடுத்தினா என்ன? அண்ணியைக் கட்டச் சொல்லு."

"நான் தொடமாட்டேன்," என்றாள் அண்ணி சமையலறையிலிருந்து. "இன்னிக்கு நான் கட்டினா நாளைக்கு எனக்கும் ஒரு நாற்காலி போட்டுடுவார்."

அந்த வீட்டில் அதுவரை யாரும் டைரக்டரிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. சொன்னவளுக்கே அந்தச் சொல் புதுச் செருப்பு மாதிரி கொஞ்சம் கடித்தது. கழற்றிப் போட மட்டும் மனம் வரவில்லை. நாட்கள் போயின. சாம்பல் புடவை மேல் தூசி படிந்தது. பழசாக வேண்டியது தூசியால் பழசாகட்டும் என்று விட்டுவிட்டாள்.

உடையைப் போட்டுப் பார்க்கும் நாள் வந்தது. தங்கையாக நடிக்க ஓர் இளம்பெண் வந்திருந்தாள். நரை வைத்தால் வயதாகிவிடும் என்று நம்புகிற வயது. பட்டறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்த அண்ணி துணி மூட்டையின் மேல் சாய்ந்திருந்தாள். நடிகை திரைச்சீலைக்குப் பின்னால் போய், புடவையும் ரவிக்கையுமாக வெளியே வந்தாள்.

ரவிக்கை அவள் மேல் நிற்கவே இல்லை. தோள் சரிந்து இறங்கியது. கை முழங்கையைத் தாண்டியது. உள்ளே இன்னொருத்தி குடியிருக்கலாம் போல இருந்தது.

"என்ன மாஸ்டர் இது?" என்றார் அண்ணன். "அளவு எடுத்தாங்க இல்லையா?"

மாஸ்டர் மேசையைச் சுற்றி வந்தார். வாழ்நாளில் ஒரு ரவிக்கைக்கு இரண்டு முறை துணி வெட்டியவர் இல்லை அவர். தோள் மூட்டுத் தையலை எடுத்துப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"அளவு சரியாத்தான் சார் எடுத்திருக்கு. வெட்டும்போது கை வேற அளவுல போயிடுச்சு."

"யார் அளவுல?"

மாஸ்டர் குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, ரவிக்கையின் பக்கவாட்டைப் பிடித்துக் குத்தத் தொடங்கினார்.

காலண்டர் அக்காவுக்குப் பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த ரவிக்கையின் இடது தோள் வலது தோளைவிட ஒரு நூல் இறக்கமாக வெட்டப்பட்டிருந்தது. எத்தனையோ வருஷமாக உடை மூட்டைகளை இடது தோளில் சுமந்ததில் அவளுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவள் ரவிக்கைகளை அவளே தைத்துக்கொள்வாள். மாஸ்டரின் அளவு நாடா ஒரு நாளும் அவள் மேல் பட்டதில்லை. கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து, "என்ன வேணும்?" என்று கேட்டுக் கேட்டே அவர் அந்த அளவை எடுத்திருக்க வேண்டும்.

"யார் அளவுன்னு இந்தப் பட்டறையில மெஷினுக்குக்கூடத் தெரியும்," என்றாள் அண்ணி. "டைரக்டருக்குத்தான் வாசிச்சுக் காட்டணும்."

அண்ணன் தங்கையைப் பார்த்தார், அவள் தோளைப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் குனிந்த தலையைப் பார்த்தார். "இன்னுமா?" என்றார், யாரிடம் என்று தெரியாமல். "அது எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு இல்ல நினைச்சேன்."

"அது உன் படத்துல அண்ணா," என்றாள் அவள். "படத்துலதான் அவர் ரயிலேறிப் போனார். இங்க யாரும் எங்கேயும் போகலை. ரயிலேறினவனுக்குக் கோட்டு தைச்சுக் கொடுத்ததே இவர்தான்."

ஒரு மெஷின் நின்றது. அதைப் பார்த்து இன்னொன்றும் நின்றது.

"பாப்பா, உன்னைக் கௌரவப்படுத்தத்தான் நான் அதெல்லாம் எடுத்தேன். மூணு படத்துலயும் உன்னைப் பார்த்து ஊரே அழுதுச்சு."

"ஊர் அழுதுச்சு. நான் அழலை. நான் காத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டும் ஒண்ணா? ஒரு காலத்துல ரேடியோ எங்க இருந்தது, காலர் எவ்வளவு நீளம், எல்லாம் என்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தே. அவ என்ன நினைச்சான்னு ஒரு தடவை கேட்டியா?"

அண்ணனுக்கு உண்மையிலேயே வலித்திருக்க வேண்டும். கண் கலங்கியிருந்தது. எழுந்து வந்து அவள் தலையில் கைவைக்கப் போனார். "சரிம்மா. சரி. இந்தப் படம் முடியட்டும், எல்லாம்…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் காதிலேயே அது விழுந்துவிட்டது. கை அந்தரத்தில் நின்றது.

அவள் அந்தக் கையைப் பிடித்து, மெல்ல இறக்கி, அவர் பக்கத்திலேயே விட்டாள். "உன் படம் முடியும்போது முடியட்டும் அண்ணா. உன் தங்கச்சியை நீ என்ன வேணா பண்ணிக்கோ, அது உன் கதை. ஆனா இந்த ரவிக்கை என் அளவு. இது எனக்கு." நடிகையைப் பார்த்தாள். "கழட்டிக் கொடுத்துடும்மா. மாஸ்டர் உனக்கு வேற வெட்டிக் கொடுப்பார்."

அந்தப் பெண் விட்டால் போதும் என்று திரைக்குப் பின்னால் ஓடினாள். திரையிடுக்கு வழியாக ஒரு கை மட்டும் நீண்டு ரவிக்கையைக் கொடுத்தது. பக்கவாட்டில் இரண்டு குண்டூசி இன்னமும் குத்தியபடி இருந்தது. காலண்டர் அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கும் கட்டியிருந்த மிளகாய்ப் பழச் சிவப்பின் மேல் சாம்பல் நிறம் அவ்வளவு மோசமாக இல்லை என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

மாஸ்டர் மேசைக்குப் பின்னால் தன் இடத்துக்குப் போய்விட்டிருந்தார். மீதி ஊசிகள் உதடுகளுக்கு நடுவே வரிசையாக நின்றன. எதிரே போய் நின்றாள். இந்த முறை படி இல்லை, ஒத்திகை பார்க்க நேரமும் இல்லை. கடைசி மெஷினும் நின்றுவிட்டது. மின்சாரம் போகவில்லை, தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அண்ணி மூட்டையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார்.

மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்தார். வாயில் ஊசி இருந்ததால் என்ன வேணும் என்று கண்ணால் கேட்டார். கை அதுபாட்டுக்கு ஊசிப் பெட்டியை நோக்கிப் போனது.

"ஊசி வேண்டாம், மாஸ்டர்," என்றாள். தொண்டைக்குழியில் உட்கார்ந்திருந்தது எழுந்துகொண்டது. "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

அவர் ஊசிப் பெட்டியை விட்டுவிட்டு, உதடுகளுக்கு நடுவிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேசை மேல் இருந்த பஞ்சு உருண்டையில் குத்தத் தொடங்கினார்.